நாலாவது ‘ம்’

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘ம்’ சொல்கிறீர்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் எண்ணியிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. சாதாரண நாளில் நாற்பது, நாற்பத்தைந்து. மகன் போன் செய்கிற ஞாயிற்றுக்கிழமையில் அறுபதைத் தாண்டும். இவ்வளவு மலிவான எழுத்து நம் மொழியில் வேறு கிடையாது. வாயைத் திறக்கக்கூட வேண்டாம். சரி என்றும் அர்த்தம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லு என்றும் அர்த்தம். காது கேட்காதவனுக்கு இதைவிடப் பெரிய ஒத்தாசை இல்லை.

எனக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வலது காது சுத்தமாக இல்லை. இடதில் பாதி. அது என் மனைவிக்குத் தெரியாது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நான் குளிர்பானம் அடைக்கும் ஆலையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டில் நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் காதால் பேச்சு கேட்பதில்லை. எதிரில் நிற்பவனின் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவோம். மேஸ்திரி திட்டுவதைக்கூடப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம், பார்க்கப் பிடிக்காவிட்டால் திரும்பிக்கொள்வோம். அந்தப் பழக்கம் வீட்டில் கைகொடுத்தது. அவள் முகம் எனக்கு நேராக இருந்தால் முக்கால்வாசி பிடித்துவிடுவேன். மீதிக்கு ‘ம்’.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றால், அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆலையில் என் பட்டப்பெயர் பாம்புச் செவி. ஆயிரம் பாட்டில் ஓடும்போது விரிசல் விட்டது ஒன்று இருந்தால் எனக்குத் தெரியும். எல்லாம் ‘ணங்’ என்று இடிக்கும், அது மட்டும் ‘டொக்’ என்னும். பெல்ட்டை நிறுத்தி அதை எடுத்துவிடுவேன். பார்வையிட வருகிறவர்களிடம் முதலாளி என்னை ஒரு வேடிக்கைப் பொருள் போலக் காட்டுவார். ஓய்வு பெற்ற அன்று ‘எங்கள் பாம்புச் செவியாருக்கு’ என்று எழுதிய சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அது டிக் டிக் என்று அடிக்கிறதாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

அவள் தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்தவள். கண்ணாடித் தடுப்பு, அதில் வட்டமாக ஒரு ஓட்டை. இருபத்தொன்பது வருஷம் அந்த ஓட்டை வழியாகவே ஊரோடு பேசினாள். குரல் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். “கத்திக் கேட்டா வரிசையில நிக்கிற அத்தனை பேரும் பதில் சொல்லுவாங்க. மெதுவாக் கேட்டா கேக்க வேண்டியவன் மட்டும் குனிவான்” என்பாள். ஊரே அவளுக்குக் குனிந்தது. நான் குனியாமல் ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள். வேலை போனதும் மனுஷனுக்குப் பேச்சும் போய்விட்டது, பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கவும் மனசில்லை என்று. அக்காவிடம் போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இருவரும் பிழைப்புக்காகப் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் வந்தவர்கள். மகனும் வேறு தேசத்தில். சொந்தம் என்று சொல்ல இந்தப் பக்கம் இருந்தது அவளுடைய அக்கா ஒருத்திதான், அதுவும் ஏழு மணி நேர பஸ் தூரத்தில். அக்காவின் கணவர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவும் தனியாகத்தான் இருந்தாள்.

தீவுக்குப் போகலாம் என்றது என் மனைவிதான். தபால் நிலையச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. ஒரு மாதத்துக்கு மட்டும் படத்தில் மூன்று சின்னத் தீவுகள், நடுவில் பச்சைத் தண்ணீர், மணலில் ஒரு கூடாரம். அந்த மாதம் முடிந்தும் தாளை யாரும் கிழிக்காமல் பார்த்துக்கொண்டாள். பல வருஷம் அங்கே அதே மாதம்தான். ஓய்வு பெற்ற அன்று காலண்டரைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். மகனிடம் சொன்னாள். அவன் இரண்டு பேர் படுக்கிற கூடாரம் ஒன்றை வாங்கிப் பார்சலில் அனுப்பிவைத்தான்.

காலண்டரில் இருந்த தீவு அதுவா என்று தெரியாது. ஆனால் மூன்று தீவுகள் இருந்தன. பெரியதில் எங்களை இறக்கிவிட்டார் படகுக்காரர். தினமும் காலையில் குடிதண்ணீர் கேனும் ரொட்டியும் கொண்டுவருவார், நாலாம் நாள் காலையில் கூட்டிக்கொண்டு போவார் என்பது ஏற்பாடு. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. கொஞ்சம் தென்னை, நிறையத் தாழைப் புதர், சங்கு ஓட்டைச் சுமந்துகொண்டு ஓடும் நண்டுகள்.

“புதுசாக் கல்யாணம் ஆனவங்கதான் வழக்கமா இங்க வருவாங்க” என்றார் படகுக்காரர், மூட்டையைத் தூக்கியபடி.

“நாங்களும் புதுசுதான். முப்பத்தாறு வருஷம்தான் ஆகுது” என்றாள் அவள். அவர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

வந்து ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துபோனது, வீட்டில் பலித்த வித்தை இங்கே பலிக்காது என்று. வீட்டில் எந்த நாற்காலி யாருக்கு, எந்த விளக்கு யார் முகத்தில் விழும் என்பதையெல்லாம் நான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். இங்கே காற்று, அலை, ஒற்றையடிப் பாதை. அவள் முன்னால் நடந்துகொண்டே பேசினாள். முதுகுக்கு உதடு கிடையாது.

கூடாரம் அடிக்கும்போது அவள் பின்பக்கம் நின்று ஏதோ சொன்னாள். “தூக்” வரைக்கும் கேட்டது. தூக்கினேன். அவள் சொன்னது “தூக்காதீங்க”. கம்பு பிடுங்கிக்கொண்டு வந்து மொத்தமும் என் தலைமேல் விழுந்தது. துணிக்குள்ளிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் நேராக இருந்தது.

“சொல்றதைக் கேக்கக் கூடாதுன்னு ஏதாவது சபதமா?”

“கை தவறிடுச்சும்மா.”

“கை தவறுனா பரவால்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அது நடந்தது.

கரையில் ஒரு தென்னைமரம் விழுந்து கிடந்தது. அதில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அதில் அவள் முந்திக்கொண்டு எனக்கு வலது பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க ஒரு காரணமும் தோன்றவில்லை. கடலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். அலை ஓயவில்லை. எனக்கு அவள் கன்னமும் காதோரத்து நரைமுடியும் மட்டும் தெரிந்தன. நடுநடுவே நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் ‘ம்’ போட்டேன். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. காலண்டர் கதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று.

பிறகு என் பக்கம் திரும்பினாள். சூரியன் அவளுக்குப் பின்னால் நேராக இருந்தது. முகம் முழுக்க இருட்டு. உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பேசாமல் என்னையே பார்த்தாள். ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள் என்பது வரைக்கும் புரிந்தது.

“ம்” என்றேன்.

அவள் எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். அன்று சாப்பிடவில்லை.

எதற்கோ சரி என்று சொல்லிவிட்டேன். எதற்கென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ‘நீ சொன்னது கேட்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இரண்டு வருஷத்தையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது அவள் சாமான்களைப் பிரித்து இரண்டு குவியலாக வைத்துக்கொண்டிருந்தாள். டார்ச் என் பக்கம். தைலம் அவள் பக்கம். டீத்தூள் என் பக்கம். ஒரே ஒரு சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு என் பக்கம் போட்டாள். என் தலையில் சீப்புக்கு வேலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தந்திரமாகக் கேட்டுப் பார்த்தேன். “நேத்து சொன்னியே, அதைப் பத்தி என்ன முடிவு பண்ணே?”

“நான் என்ன முடிவு பண்றது? நீங்கதான் பண்ணிட்டீங்களே.”

“இல்ல, இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்கலாமேன்னு…”

“யோசிச்சுத்தானே சொன்னீங்க? யோசிக்காமயா சொன்னீங்க?”

வாய் தானாக ‘ம்’ என்றது. அவள் போனை எடுத்துக்கொண்டு வடக்குப் பாறைப் பக்கம் நடந்தாள். அந்தப் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அவள் அங்கே நின்று பேசுவது தூரத்தில் தெரிந்தது. வெகுநேரம் பேசினாள். கையை ஆட்டி, தலையை ஆட்டி, ஒரு தடவை சிரித்துக்கூடப் பேசினாள்.

அவள் திரும்பி வந்து துவைத்துக்கொண்டிருக்கும்போதே படகுக்காரர் வந்துவிட்டார். அவளிடம் ஏதோ பேசிவிட்டுத் தண்ணீர் கேனோடு என்னிடம் வந்தார். நேராக என் இடது பக்கம் வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கச் சொன்னார்.

“நாளைக்குக் கரையில இறங்கினதும் அக்கா ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்குன்னு அம்மா கேக்குறாங்க. ஒன்பது மணிக்கு ஒண்ணு இருக்குன்னேன். ஒரு சீட்டுதான் வேணுமாம். சண்டையா சார்?”

எனக்கு இரண்டும் சேர்ந்து உறைத்தது. ஒரு சீட்டு. அப்புறம், அவர் நின்ற பக்கம்.

“ஏன் இந்தப் பக்கமா வந்து கத்திப் பேசுறீங்க?”

“எங்கப்பா படகு இன்ஜின் பக்கத்துலயே கிடந்தவரு சார். அவருக்கும் ஒரு பக்கம்தான். நீங்க தலையைத் திருப்புற தினுசைப் பாத்து முதல் நாளே தெரிஞ்சிக்கிட்டேன்.” கேனை இறக்கி வைத்தார். “அம்மாவுக்குத் தெரியும்ல?”

நான் கேனின் மூடியைத் திருகிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “அட” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். முன்பின் தெரியாத மனுஷனுக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. வீட்டில் இரண்டு வருஷம் ஒளித்து வைத்த நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். பெருமையாக இல்லை.

மத்தியானம் கடல் வற்றி, பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் நடுவே மணல் திட்டு வெளியே வந்தது. அது வழியாக நடந்து போகலாம் என்று படகுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால். பாதித் தூரத்தில் அவள் ஏதோ சொன்னாள், திரும்பாமல்.

வழக்கம் போல ‘ம்’ தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

“ஏம்மா, நில்லு.”

நின்றாள். திரும்பினாள். உச்சி வெயில் சாய்ந்து அவள் முகத்தில் நேராக விழுந்தது. ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

“எனக்குக் காது கேக்கல.”

“அதான் தெரிஞ்ச கதையாச்சே. என்னைக்குக் கேட்டீங்க?”

“அது இல்ல. நிஜமாவே கேக்கல. ரெண்டு வருஷமா. வலது காது இல்லவே இல்ல. இந்தக் காது கொஞ்சம். நேத்து நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல.”

அவள் கையிலிருந்த செருப்பு ஒன்று கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“சும்மா சொல்லாதீங்க. நாலு தடவை ‘ம்’னு சொன்னீங்க. நான் எண்ணுனேன்.”

அவளும் எண்ணுகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“நீ நிறுத்துன எடத்துல போட்டேன்.”

“கடைசியில நான் திரும்பிக் கேட்டேனே?”

“மூஞ்சி தெரியல. வெயில் உனக்குப் பின்னாடி இருந்துச்சு.”

அவள் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“பாம்புச் செவி” என்றாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது. “சுவருக்குக்கூடக் காது இருக்குன்னு சொல்வாங்க. நான் ரெண்டு வருஷமா அந்த வீட்டுல சுவர்கிட்டப் பேசியிருந்தாலாவது…”

“நீ நேத்து என்ன கேட்டே?”

“அதை மறுபடி சொல்லணுமா?” மணலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். “ஒரு தடவை சொல்றதுக்கே ஒரு வருஷம் ஒத்திகை பாத்தேன். இங்க வந்து சொல்லணும்னுதான் இங்கயே வந்தேன்.”

காத்திருந்தேன். அவள் தலையை நிமிர்த்தி, கவுண்டரில் முதல் தடவையாகப் படிவம் நிரப்புகிறவனுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“தனியா இருக்கும்போது எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. நீங்க பக்கத்துல இருக்கும்போதுதான் தனியா இருக்குற மாதிரி இருக்கு. அக்கா கூடவே போய் இருந்துடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும், வீட்டுலயே இருந்துடறேன்னும் சொன்னேன். அதுக்குத்தான் ‘ம்’ன்னீங்க.”

“இப்பச் சொல்றேன். வேண்டாம். போகாதே.”

“இப்ப நான் கேக்கலையே.”

தண்ணீர் திட்டின் இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்திருந்தது.

“காது கேக்காததுக்கு உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள். “அது முப்பத்து மூணு வருஷம் உழைச்ச காது. வாய் நல்லாத்தானே இருந்துச்சு? அது ஏன் சொல்லல?”

“வெட்கமா இருந்துச்சு.”

“யார்கிட்ட? என்கிட்டயா?”

‘ம்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு தடவை அது உண்மையான பதிலாக இருந்திருக்கும். தலையை மட்டும் அசைத்தேன். அவள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். சின்னத் தீவுக்குப் போகாமல் முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்தோம்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். அவள் டார்ச்சை எடுத்துத் தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி பையின் மேல் சாய்த்து வைத்தாள். நான் சொல்லாமலே.

“மழைச் சத்தம் கேக்குதா?”

“துணி ஆடறது தெரியுது. சத்தம் இல்ல.”

“குக்கர் விசில்?”

“நீ எழுந்து போறதைப் பாத்துத்தான் தெரியும்.”

“கேட் திறக்குறது? போன்?”

“போன் நடுங்கறது தெரியும்.”

இன்னும் நாலைந்து கேட்டாள், பட்டியல் சரிபார்ப்பது போல. பிறகு டார்ச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“போன வருஷம், மகன் வரலைன்னு சொன்ன அன்னைக்கு, சமையல்கட்டுல நான் அழுதது?”

“கேக்கல.”

“நீங்க கூடத்துலதான் உக்காந்திருந்தீங்க.”

“தெரியல. சத்தியமாத் தெரியல.”

“கேட்டும் வரலைன்னு நினைச்சேன்” என்றாள். “அன்னைக்குத்தான் முதல்ல அக்காகிட்ட, அங்க வந்து இருந்துடட்டுமான்னு கேட்டேன்.”

மழை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது, அவள் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பாள் என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “எப்ப வருவேன்னு இப்பக் கேக்காதீங்க. எனக்கும் கொஞ்சம் கேக்காம இருக்கட்டும்” என்றாள். பிறகு டார்ச்சை அணைத்தாள். அணைத்த பிறகு ஏதாவது சொன்னாளா என்று தெரியாது.

மறுநாள் காலை ஏழரைக்குப் படகு வந்தது. ஈரக் கூடாரத்தை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம். படகில் அவள் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒன்பது மணி பஸ்ஸில் அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். நான் ‘ம்’ சொல்லவில்லை. என்ன சொன்னே என்று கேட்டேன். மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை அவள் வெளியே தலையை நீட்டி, பஸ் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: “வீட்டுக்குப் போனதும் டென்ட்டை விரிச்சுக் காயப் போடுங்க.” சரி என்றேன். பஸ் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் பத்தேகாலுக்கு வந்தது. அதில் ஏறினேன்.